கார்புரேட்டர் பைக்கில் சைலன்சர் மாற்றம்: பெண்ட் பைப் முதல் பைலட் ஸ்க்ரூ வரை

கார்புரேட்டர் பைக்கில் புதிய சைலன்சரை மாட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் பெரும்பாலும் மூன்று புகார்கள் வரும். ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சருக்குள் படபடவென வெடிக்கும். ஆக்சிலேட்டரைக் கால் பங்கு திறந்து ஒரே சீராக ஓட்டும்போது வண்டி உந்தி உந்தித் திணறும். என்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகும். மூன்றுக்கும் பொதுவான காரணம், உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாததுதான். மெக்கானிக்குகள் இதை லீன் என்பார்கள். பெட்ரோல் மிஞ்சிப்போனால் ரிச்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் என்ஜின் அதிகபட்ச இழுவை தருவது சுமார் 12.5 முதல் 13 பங்கு காற்றில். புகை விதிகளுக்காகத் தொழிற்சாலையிலேயே ஐட்லிங்கும் பாதித் திறப்பும் லீன் பக்கமாக ஒதுக்கித்தான் வைக்கப்படுகின்றன. தடை குறைந்த சைலன்சர் வந்ததும் எரிந்த வாயு எளிதாக வெளியேறுகிறது, அந்த இடத்தில் புதுக் காற்று கூடுதலாக நுழைகிறது. காற்றோட்டம் கூடினால் கார்புரேட்டரும் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோலை இழுக்கத்தான் செய்யும். ஏற்கெனவே ஓரத்தில் நின்ற கலவைக்கு அது போதாமல் போகிறது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்தக் கணக்கை ஈசியூ என்ற என்ஜின் கணினி பார்த்துக்கொள்கிறது. சைலன்சர் மாட்டும் பகுதியைத் தவிர இங்கே சொல்லும் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

எதை மாற்றுகிறீர்கள்?

பின்னால் உள்ள டப்பாவை மட்டும் மாற்றுவது ஸ்லிப்-ஆன். என்ஜினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்பிலிருந்து கடைசி முனைவரை எல்லாவற்றையும் மாற்றுவது முழு சிஸ்டம். ஸ்லிப்-ஆனுக்குப் பல வண்டிகளில் ஐட்லிங் கலவையைத் திருத்தும் பைலட் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்புவதும், நடுத் திறப்பின் பெட்ரோலை அளக்கும் நீடிலை (ஊசியை) ஒரு படி தூக்குவதுமே போதும், முழுத் திறப்புக்கான மெயின் ஜெட்டை (பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள துண்டு) தொடவே வேண்டியிருக்காது. முழு சிஸ்டம் என்றால் மூன்று ஜெட் பகுதிகளையும் பார்த்தே ஆகவேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பில் இருக்கிறதா, டப்பாவுக்குள் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அதை நீக்கிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டப் பல நாடுகளில் அனுமதி இல்லை. சத்தத்துக்கும் வரம்பு உண்டு. டிபி கில்லர் என்ற சத்தம் குறைக்கும் உள்செருகல் கழற்றக்கூடியதாக இருந்தால் அதைப் போட்ட நிலையிலேயே டியூன் செய்யுங்கள். பிறகு கழற்றினால் டியூனும் மாறிவிடும்.

'பேக் பிரஷர் இல்லாவிட்டால் இழுவை போய்விடும்' என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதிதான் உண்மை. எந்த என்ஜினுக்கும் பின்னழுத்தம் தேவையில்லை, வாயுவின் வேகம்தான் தேவை. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. பைப் அகலமாகும் இடத்தில் அது எதிர் அலையாகத் திரும்பி, இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நொடியில் வந்து சேர்ந்தால் சிலிண்டரில் மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சி எடுக்கிறது. பைப்பின் நீளமும் விட்டமும் இந்த நேரத்தைத் தீர்மானிக்கின்றன. பெரிய பைக்கின் தடித்த பெண்ட் பைப்பை 100, 150 சிசி என்ஜினில் மாட்டினால் வாயு மந்தமாகி, தினசரி ஓட்டத்துக்கு வேண்டிய நடு ஆர்பிஎம் இழுவை குறையும். அப்படிப் போன இழுவையை எந்த ஜெட்டாலும் மீட்க முடியாது. சின்ன என்ஜினில் சைலன்சர் மட்டும் தரும் கூடுதல் சக்தி மிகக் குறைவு என்பதையும் ஏற்றுக்கொண்டு இறங்குங்கள். சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். எடை குறைவது மட்டும் உண்மையான லாபம்.

தொடங்கும் முன்

பழுதான வண்டியை ஜெட்டால் சரிசெய்ய முடியாது. வால்வு கிளியரன்ஸ், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் (சிலிண்டரின் மேல்பகுதி) இடையிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டு ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், லீன் அறிகுறிகள் அத்தனையும் வரும். என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய சாரலாகத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே கசிவு உள்ளது. கார்ப் கிளீனர் தெளிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பக்கத்திலேயே சூடான பெண்ட் பைப் இருக்கும்போது அது தீயோடு விளையாடுவது.

ஏர் ஃபில்டரை இப்போது மாற்ற வேண்டாம். சைலன்சரையும் ஃபில்டரையும் ஒரே நாளில் மாற்றினால் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று தெரியாது. காற்றுப் பாதையைத் திறக்கும் ஸ்லைடைக் கேபிளுக்குப் பதில் வேக்குவம் தூக்கும் சிவி கார்புரேட்டரில், ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர்பாக்ஸையே எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுவது இன்னும் மோசம். ஸ்லைடு நிதானமாக உயர ஏர்பாக்ஸுக்குள் நிற்கும் அமைதியான காற்று வேண்டும்.

கருவிகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஜப்பானிய கார்புரேட்டர்களில் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு ஸ்க்ரூ இருக்கும். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதன் தலையை வழித்துவிடும். ஜெட்டுகள் பித்தளை, மிக மென்மையானவை. காடிக்குள் அகலமும் தடிப்பும் சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள்.

பழையதைக் கழற்றுதல்

ஹெட்டில் பெண்ட் பைப்பைப் பிடித்திருக்கும் ஸ்டட் (தலையில்லா போல்ட்) நட்டுகள்தான் இந்த வேலையின் ஆபத்தான இடம். சூட்டிலும் ஈரத்திலும் ஊறித் துருப்பிடித்திருக்கும். வேகத்தில் திருகினால் ஸ்டட் அலுமினிய ஹெட்டோடு ஒடிந்து நிற்கும், பிறகு துளையிட்டு எடுக்கவேண்டிவரும். முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். மறுநாள் என்ஜின் ஆறிய நிலையில், ஆறு முக சாக்கெட்டை வைத்து, கால் சுற்று தளர்த்தி, மீண்டும் சற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று நட்டை ஆட்டி ஆட்டியே எடுங்கள். ஸ்டட்டும் நட்டோடு சேர்ந்து வெளியே வந்தால் பதற வேண்டாம். மரையைச் சுத்தம் செய்து திரும்பப் போடலாம்.

முதலில் பின்னால் உள்ள தொங்கல் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, ஆனால் கழற்றாமல், முன்பக்க நட்டுகளை எடுக்கவும். இல்லையென்றால் சைலன்சரின் முழு எடையும் ஸ்டட்டுகளில் தொங்கும். ஆக்சிஜன் சென்சார் இருந்தால் அதன் வயரை முதலில் கழற்றுங்கள். பைப் வெளியே வந்ததும் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய செம்பு கேஸ்கட் கரி படிந்து ஹெட்டோடு ஹெட்டாக ஒட்டியிருக்கும், 'கேஸ்கட்டே இல்லை' என்று நினைக்கத் தோன்றும். கூர்மையான கொக்கியால் அதை நெம்பி எடுத்துவிட்டுத்தான் புதியது போடவேண்டும். பழையதன் மேலேயே புதியதை வைத்தால் பைப் நேராக உட்காராமல் கசியும்.

புதியதை மாட்டுதல்

புதிய கேஸ்கட் கட்டாயம். ஒரு முறை நசுங்கியது இரண்டாம் முறை அதே அளவு அடைக்காது. கேஸ்கட் போர்ட்டிலிருந்து கீழே விழுந்துகொண்டே இருந்தால் துளி கிரீஸ் வைத்து ஒட்டுங்கள், பிறகு அது எரிந்துபோகும். ஸ்டட் மரைகளில் சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

எல்லா நட்டு, போல்ட், கிளாம்ப்பையும் கையால் மட்டும் சுழற்றி முதலில் மாட்டுங்கள். பைப், சைலன்சர், பிராக்கெட் மூன்றும் நெருக்கம் இல்லாமல் தாமாக உட்காருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனர். வரிசை முன்னிருந்து பின்னாக: ஹெட் நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்து நடுக் கிளாம்ப், கடைசியில் தொங்கல் போல்ட். பின்பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டு முன்பக்கத்தை வலிந்து இழுத்தால், அந்த இழுவிசை அதிர்வில் வேலை செய்து பிராக்கெட்டையோ பைப்பின் வெல்டையோ ஒரு நாள் பிளக்கும். இறுக்கும் அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எம்6 நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் வாக்கிலும் எம்8க்கு 20 வாக்கிலும் இருப்பது வழக்கம். கையளவில் இது எதிர்பார்ப்பதைவிடக் குறைவுதான்.

இறுக்கிய பின் பின்சக்கரம் முழுதாக மேலெழும்போது சைலன்சர் ஸ்விங்ஆர்மில் தட்டுமா, பிரேக் பெடல், பிரேக் ஹோஸ், சென்டர் ஸ்டாண்டு எதையாவது உரசுமா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பைப் முழுவதையும் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். கைரேகையில் உள்ள எண்ணெய் முதல் சூட்டிலேயே வெந்து நிரந்தரக் கறையாகிவிடும்.

ஸ்டார்ட் செய்ததும் கசிவு பார்க்கவேண்டும். பைப் சூடேறுவதற்கு முன், தடித்த துணியால் சைலன்சர் முனையை ஓரிரு நொடி பாதி அடைத்தால், இணைப்பில் கசிவு இருக்குமிடத்தில் 'ட்ஸ் ட்ஸ்' என்று சத்தம் கேட்கும். ஹெட் இணைப்பில் கசிவு இருந்தால் ஆக்சிலேட்டரை விடும்போது அந்த வழியே காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு, எரியாத பெட்ரோலோடு சேர்ந்து வெடிக்கும். இதை லீன் என்று எண்ணி ஜெட் மேல் ஜெட்டாக மாற்றிக்கொண்டே போகிறவர்கள் ஏராளம். ஒரு முறை நன்றாகச் சூடேற்றி, முழுதாக ஆறவிட்டு, நட்டுகளை மீண்டும் ஒரு முறை இறுக்கிவிட்டுத்தான் கார்புரேட்டருக்குப் போகவேண்டும்.

எந்தத் திறப்பில் எந்த ஜெட்

கார்புரேட்டரை வேகத்தை வைத்தோ ஆர்பிஎம்மை வைத்தோ டியூன் செய்ய முடியாது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. '60 கிலோமீட்டர் வேகத்தில் திக்குகிறது' என்றால் அதில் தகவல் ஏதும் இல்லை. மேட்டில் அது முக்கால் திறப்பாக இருக்கலாம், சமதரையில் கால் திறப்பாக இருக்கலாம். ஆகவே கைப்பிடியில் ஒரு துண்டு டேப், அதை அடுத்துள்ள சுவிட்ச் பெட்டியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுத் திறப்பு என்று பேனாவால் கோடு போடுங்கள். இந்த வேலையில் இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை.

மூடிய நிலையிலிருந்து அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) திறப்புவரை பைலட் ஜெட்டும் பைலட் ஸ்க்ரூவும் ஆளுகின்றன. அரைக்காலுக்கும் காலுக்கும் நடுவே, கேபிளே ஸ்லைடைத் தூக்கும் வகை கார்புரேட்டரில், ஸ்லைடின் அடியில் வெட்டப்பட்ட சரிவும் நீடிலின் நேரான மேல்பகுதியும் தீர்மானிக்கின்றன. காலிலிருந்து முக்கால்வரை நீடிலின் கூம்புப் பகுதி, அதாவது கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்பது. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். மெயின் ஜெட்டை மாற்றினால் அதன் சாயல் அரைத் திறப்பிலும் தெரியும்.

ஜெட் எண்களில் ஒரு பொறி இருக்கிறது. கெய்ஹின் கம்பெனி மெயின் ஜெட்டின் எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. மிக்குனி கம்பெனியின் அறுகோணத் தலை மெயின் ஜெட்டின் எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிப்பது. கெய்ஹினில் 100இலிருந்து 110க்குப் போனால் விட்டம் 10 சதவீதம் கூடும், ஆனால் துளையின் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். மிக்குனியில் அதே 10 எண் ஏறக்குறைய 10 சதவீதம் மட்டுமே. ஆக, ஒரு கம்பெனி எண்ணை மற்றதற்கு அப்படியே போடக்கூடாது. துளையை டிரில் பிட்டால் பெரிதாக்குவதும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்வதும் வேண்டாம். துளையின் உள்சுவர் கீறிவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

கார்புரேட்டரைத் திறத்தல்

என்ஜின் ஆறியிருக்கட்டும், காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், அருகில் எந்தத் தீயும் வேண்டாம். பெட்ரோல் வால்வை மூடி, அடிக் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தைப் பாத்திரத்தில் வடித்துக்கொள்ளுங்கள். பல சிங்கிள் சிலிண்டர் வண்டிகளில் முன்பின் கிளாம்ப்புகளைத் தளர்த்தி கார்புரேட்டரைச் சற்றே சாய்த்தாலே கிண்ணத்தைக் கழற்ற இடம் கிடைக்கும். கிண்ணம் வந்ததும் நடுவில் நீண்டிருக்கும் குழாயின் முனையில் இருப்பது மெயின் ஜெட், அதன் பக்கத்தில் ஆழத்தில் ஒளிந்திருப்பது பைலட் ஜெட். இப்போது இருக்கும் எண்களையும் கிளிப் காடியையும் பைலட் ஸ்க்ரூவின் சுற்றுகளையும் எழுதிவையுங்கள். சுற்றை அளக்க, ஸ்க்ரூவை உள்ளே மெதுவாகத் திருப்பி அடியில் தட்டும்வரை எண்ணவேண்டும். அங்கே இறுக்கிவிடாதீர்கள். அதன் ஊசிமுனை நசுங்கினால் உட்காரும் இடமும் கெடும், பிறகு எந்தத் திருப்பலுக்கும் என்ஜின் அசையாது.

தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியில் பைலட் ஸ்க்ரூவைக் காணவில்லை என்றால் ஒரு சின்ன உலோக மூடிக்குப் பின்னால் இருக்கும். மெல்லிய பிட்டால் மூடியின் தடிப்புக்கு மட்டும் துளையிட்டு, அதில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி இழுத்தால் வந்துவிடும். பிட் ஆழமாக இறங்கினால் பின்னாலுள்ள ஸ்க்ரூவின் தலை போய்விடும். ஸ்க்ரூவை முழுதாக வெளியே எடுத்தால் அதோடு ஸ்பிரிங், சிறு வாஷர், ஓ-ரிங் மூன்றும் வரவேண்டும். ஓ-ரிங் உள்ளேயே தங்கிவிடுவது வாடிக்கை. அதைக் கவனிக்காமல் மாட்டினால் ஐட்லிங் ஒருபோதும் நிலைக்காது.

நீடிலுக்கு மேல்மூடியைத் திறக்கவேண்டும். கிளிப் காடிகள் பெரும்பாலும் ஐந்து, மேலிருந்து எண்ணுவது வழக்கம். கிளிப்பைக் கீழ்க் காடிக்கு இறக்கினால் நீடில் மேலே எழும், பெட்ரோல் கூடும். இதைத் தலைகீழாக நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். சிவி கார்புரேட்டர் நீடிலில் காடியே இல்லாமல் இருக்கலாம். அப்போது நீடில் தலைக்கு அடியில் எம்3 வாஷர் ஒன்று போட்டால் 0.5 மில்லிமீட்டர் உயரும், ஒரு நேரத்தில் ஒன்று போதும். வாஷர் ஸ்லைடின் அடியிலுள்ள வேக்குவம் துளையை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைடைத் தூக்கும் ரப்பர் டயஃப்ரத்தை விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை உண்டா என்று பாருங்கள். மூடும்போது அதன் விளிம்பு காடியில் முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்கவேண்டும்.

கேபிள் ஸ்லைடு வகையில் ஸ்லைடைத் திரும்பப் போடும்போது சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்கவேண்டும். மாற்றிப் போட்டால் என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் உச்ச ஆர்பிஎம்முக்கு ஓடும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆக்சிலேட்டரைத் திருப்பிவிட்டால் 'டக்' என்று தானே மூடுகிறதா என்று பார்ப்பதும், ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுதாகத் திருப்பி மீண்டும் பார்ப்பதும் கட்டாயம்.

எங்கிருந்து தொடங்குவது

ரிச் பக்கத்திலிருந்து இறங்கி வருவதே பாதுகாப்பு. ரிச்சாக ஓடினால் பிளக் கறுக்கும். முழுத் திறப்பில் லீனாக ஓடினால் பிஸ்டன் உருகும். அசல் ஃபில்டரோடு ஸ்லிப்-ஆன் என்றால் மெயின் ஜெட் பழையதே அல்லது ஓர் அளவு மேலே. முழு சிஸ்டம் என்றால் இரண்டு அல்லது மூன்று அளவு மேலே, நீடில் ஒரு காடி உயர்வு. ஓர் அளவு என்பது பல மெயின் ஜெட் வரிசைகளில் 2.5 எண். இது தொடக்கம் மட்டுமே, அக்கம்பக்கத்து ஜெட்டுகள் நான்கைந்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் உட்காரவேண்டும்.

முதலில் வண்டி நிற்காமல் ஓடும் அளவுக்கு ஐட்லிங்கைத் தோராயமாக வைத்துவிட்டு மெயின் ஜெட்டில் தொடங்குங்கள், அடுத்து நீடில், கடைசியில் பைலட். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒவ்வொரு சோதனைக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி என்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆறிய என்ஜின் எப்போதும் லீன் போலவே நடந்துகொள்ளும்.

மெயின் ஜெட்டுக்கு மூடிய பாதையோ சக்தியை அளக்கும் டைனோ இயந்திரமோ வேண்டும், போக்குவரத்துள்ள சாலை இதற்கு இடமல்ல. மேல் கியரில் முழுத் திறப்பில் இழுத்துக்கொண்டே சட்டென முழுத் திறப்பிலிருந்து சற்றுக் குறைவாக, எட்டில் ஏழு பங்குக்கு, விடுங்கள். அந்த நொடி கலவை சற்று ரிச்சாகும். என்ஜின் ஓர் உந்து உந்தினால் மெயின் ஜெட் சிறியது. தடுமாறினாலோ மிஸ்ஸிங் வந்தாலோ பெரியது. எந்த வித்தியாசமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் அளவு சரி. உறுதி செய்ய, புது பிளக் போட்டு முழுத் திறப்பில் சில நொடி இழுத்து, ஆக்சிலேட்டரை மூடாமலே கிளட்ச் பிடித்து கில் சுவிட்சை ஒருசேர அமுக்கி உருண்டுவந்து நிறுத்திப் பிளக்கைப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. நுனியைப் பார்க்கக்கூடாது, பீங்கான் உள்ளே அடியில் உலோகத்தைத் தொடும் வளையத்தில் மெல்லிய காப்பி நிறக் கோடு தெரிய வேண்டும். சுத்த வெள்ளை லீன், மசிக் கறுப்பு ரிச். கறுப்பாகவும் எண்ணெய்ப் பளபளப்பாகவும் இருந்தால் அது ஜெட் விவகாரமே அல்ல, பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பாருங்கள். ஈயமில்லாப் பெட்ரோலில் நிறம் மங்கலாகத்தான் வரும், அதனால் பிளக்கை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

நீடிலுக்கு, அரைத் திறப்பில் கையை நிறுத்தி லேசான மேட்டில் ஓட்டுங்கள். உந்தி உந்தித் திணறினால் லீன், கிளிப்பை ஒரு காடி இறக்கவும். இழுவை மந்தமாகி, சத்தம் 'பொத பொத' என்று கனத்தால் ரிச். சந்தேகம் இருந்தால் அதே திறப்பில் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். ஓட்டம் மேம்பட்டால் லீன், மோசமானால் பெட்ரோல் குறைவில்லை. எந்தக் காடியில் வைத்தாலும் நடுப்பகுதி ரிச்சாகவே இருக்கிறது என்றால் நீடிலும் அது உரசும் நீடில் ஜெட்டும் தேய்ந்திருக்கும். அதிகம் ஓடிய வண்டியில் இது சாதாரணம். இரண்டையும் சேர்த்து மாற்றாமல் மேலே நகர முடியாது.

பைலட்

மைலேஜையும் ஐட்லிங்கையும் சைலன்சர் வெடிப்பையும் முடிவு செய்வது இந்தச் சின்ன ஜெட்தான், பொறுமை வேண்டிய இடமும் இதுவே. முதலில் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்லைடுக்கு முன்னால், என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ: வெளியே திருப்பினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது: வெளியே திருப்பினால் லீன். இணையத்தில் 'இரண்டு சுற்று வெளியே' என்று படித்துவிட்டு எந்த வகை என்று பார்க்காமல் திருப்பினால் எதிர்த்திசையில் போய்விடுவீர்கள்.

என்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது ஐட்லிங்கை மேனுவலில் உள்ள அளவுக்குச் சற்று மேலே வையுங்கள். பைலட் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருந்து, ஆர்பிஎம் எங்கே உச்சம் தொடுகிறது என்று தேடுங்கள். உச்சம் கிடைத்ததும் ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தை மீண்டும் இறக்கி, இன்னொரு முறை தேடுங்கள். பெட்ரோல் ஸ்க்ரூவில் உச்சம் 1 சுற்றுக்குள்ளேயே வந்தால் பைலட் ஜெட் பெரியது. 3 சுற்றைத் தாண்டியும் ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போனால் சிறியது, ஓர் அளவு பெரிதாகப் போடவேண்டும். காற்று ஸ்க்ரூவுக்கு இது அப்படியே தலைகீழ். ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவே உச்சம் அமைந்தால் ஜெட் அளவு பொருந்திவிட்டது என்று விட்டுவிடலாம்.

சரிபார்க்க ஆக்சிலேட்டரை ஒரு சொடுக்கு சொடுக்கி விடுங்கள். ஆர்பிஎம் இறங்க மனமில்லாமல் மேலேயே தொங்கினால் லீன். ஐட்லிங்குக்குக் கீழே அமுங்கிப் பிறகு மேலே வந்தால் ரிச். சோக் போட்டுக் காலையில் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் அதுவும் லீனின் அடையாளம்தான்.

எல்லாம் சரியான பிறகும் இறக்கத்தில் வெடிப்புச் சத்தம் போகவில்லையா? எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குச் சுத்தக் காற்றை அனுப்பும் செகண்டரி ஏர் அமைப்பு உங்கள் வண்டியில் இருக்கலாம். ஏர்பாக்ஸிலிருந்து ஹெட்டுக்குப் போகும் அதன் ஹோஸைத் தற்காலிகமாக மடித்துக் கட்டி ஓட்டிப் பாருங்கள். வெடிப்பு நின்றால் காரணம் அதுதான், ஜெட் அல்ல. திறந்த சைலன்சரில் முன்பு உள்ளே அடங்கியிருந்த சத்தம் இப்போது வெளியே கேட்கிறது. ஹோஸைப் பழையபடி மாட்டிவிட்டுக் கொஞ்சம் சத்தத்தோடு வாழ்ந்துவிடலாம். வெடிப்பு முழுதாக ஒழியவேண்டும் என்று பைலட்டை ஏற்றிக்கொண்டே போனால் பெட்ரோல் நாற்றமும் கறுத்த பிளக்கும்தான் மிச்சம். பெண்ட் பைப் போர்ட்டுக்கு அருகில் பொன்னிறமாகி நீலமாவதும் அப்படித்தான். ஒற்றைச் சுவர் ஸ்டெயின்லெஸ் பைப் சரியான கலவையிலும் அந்த நிறத்துக்கு வரும். அதை மட்டும் பார்த்து லீன் என்று முடிவுகட்ட முடியாது.

கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வழிந்தால் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை வால்வில் தூசி சிக்கியிருக்கும், அல்லது மிதவை மட்டம் மாறியிருக்கும். மட்டம் உயர்ந்தால் எல்லாத் திறப்பிலும் ரிச், தாழ்ந்தால் எல்லாத் திறப்பிலும் லீன். ஆகவே எந்தப் பகுதியிலும் ஒரே கோளாறு தெரிகிறது என்றால் ஜெட்டுக்கு முன் மிதவையை அளக்கவேண்டும். இரண்டு அல்லது நான்கு கார்புரேட்டர் உள்ள வண்டியில் ஜெட் வேலை முடிந்ததும் வேக்குவம் கேஜ் வைத்து எல்லாவற்றையும் ஒத்திசைக்காவிட்டால் பைலட் டியூன் நிற்காது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பயன்படுத்தினால் கலவை இன்னும் லீன் பக்கம் சாயும். 10 சதவீதக் கலப்பில் முழு எரிப்புக்கான விகிதமே 14.1 வாக்கில் இறங்கிவிடுகிறது, எனவே எந்த எரிபொருளில் ஓட்டப்போகிறீர்களோ அதிலேயே டியூன் செய்யுங்கள். குளிர்ந்த காற்று அடர்ந்தது, அதில் சற்றுப் பெரிய ஜெட் கேட்கும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது. கடல்மட்டத்தில் டியூன் செய்த வண்டி 2,000 மீட்டர் மலையில் ரிச்சாகி மூச்சு வாங்கும். ஒரு நாள் போய்வர அது போதும், அங்கேயே தங்குவதானால் மெயின் ஜெட்டை இரண்டு மூன்று அளவு குறைத்து, கீழே இறங்குவதற்கு முன் மறக்காமல் பழையதை மாட்டிவிடுங்கள். மேலே போட்ட சின்ன ஜெட்டோடு சமவெளிக்கு வந்து முழுத் திறப்பில் ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து.